நுழையுதா, அம்மிணி?

நடுவில்தான் முதல் முடிச்சு. மயிலாத்தாளுக்கு இன்னும் மனசு ஒப்பாத சங்கதி அது. ஊர் உலகத்தில் முடிச்சை நடுவில் இருந்து யார் ஆரம்பிக்கிறார்கள்? ஆனால் இரண்டு பேருமாகக் கொட்டகையில் வருசக்கணக்காகக் கோத்து வருகிற விமானத்தின் பாகங்களோடு பெட்டியில் வந்த புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருக்கிறது. கம்பிக் கயிற்றை மாங்காயைச் சுற்றி வளை, வளைந்து வந்த முனையையும் நீள முனையையும் செம்புக் குண்டுக்குள் சேர்த்து நுழை, குண்டை முதலில் நடுவில் நெரி, அப்புறம் மாங்காய்ப் பக்கம் நெரி, கடைசியில் வால் பக்கம் நெரி. மாங்காய், குண்டு எல்லாம் அவள் வைத்த பேர். புத்தகத்தில் இருக்கிற இங்கிலீசுப் பேரைத்தான் புருசன் சென்னியப்பன் முதலில் சொல்லிப் பார்த்தார், அவளுக்கு வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. கயிறு மடங்கித் தேயாமல் இருக்க உள்ளே வைக்கிற அந்தச் சின்ன வளையம் தாலிக்கொடி மாங்காய் மாதிரியே இருந்தது, செம்புத்துண்டு குண்டு மாதிரி இருந்தது, அவள் பாட்டுக்குக் கூப்பிட்டாள். இப்போது அவரே, "அந்த மாங்காயை எடு அம்மிணி" என்கிறார், மேற்பார்வைக்கு வருகிற இன்ஜினியர் முன்னாலும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார், அந்த மனுசன் தின்கிற மாங்காயா என்று நாலு பக்கமும் பார்த்தார். சிரிப்பு வந்தது மயிலாத்தாளுக்கு. சிரித்தால் கை ஆடும். அடக்கிக்கொண்டாள். அவர் விமானத்தின் வாலுக்குள் படுத்துக் கிடக்கிறார், தகரக் கூண்டுக்குள் புகுந்த பல்லி மாதிரி, ஆள் இருக்கிறதற்கு அடையாளமாகச் சீட்டுப் பக்கம் இரண்டு வெள்ளைப் பாதம் மட்டும் வெளியே தெரிகிறது. இவள் வால் நுனியில் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அந்த நீளக் கைப்பிடி நெரிகட்டை. இவள் உடம்புக்கு அந்தக் கூண்டுக்குள் தலை நுழைந்தாலே பெரிசு. தீவன மூட்டை தூக்கின கை, நெரிக்கிற வேலை இவளுக்கு. பல்லி வேலை அவருக்கு.

"புடிச்சுட்டீங்களா?"

"புடிச்சுட்டேன், நெரி."

"மூக்கு அரிக்குதுன்னு கைய உட்டுறாதீங்க."

"இங்க மூக்கு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியல. நெரி."

இரண்டு கைப்பிடியையும் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு சேர்த்தாள். முதலில் செம்பு இளகிக் கொடுக்கும், வெண்ணெய் மாதிரி, அப்புறம் ஒரு இடத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும், அங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அமுக்கு. ணக். கைப்பிடி இரண்டும் முட்டிக்கொண்டன. நடு முடிச்சு ஆயிற்று. கொட்டகைக்கு வெளியே காற்றாலை ஒன்று வுஃப், வுஃப் என்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது, இன்னும் காற்று வரவில்லை, வைகாசி கடைசி, ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்டால் இந்த வுஃப் எல்லாம் கிடையாது, ஒரே ஊளைதான், அப்போது இந்தக் கொட்டகைத் தகரமே பறக்கப் பார்க்கும், அதில் இவ்வளவூண்டு விமானத்தை யார் வெளியே எடுப்பார்கள். அதனால்தான் நாளைக்கு. காற்று வருவதற்கு முன்னால். மில்காரர் ஒருத்தர் தன் தோட்டத்தில் போட்டு வைத்திருக்கிற ஓடுதளத்தில், வெயில் ஏறுவதற்குள், சென்னியப்பன் முதன்முதலாக இதைத் தரையை விட்டுக் கிளப்பப் போகிறார். தனியாக. முதல் தடவை இரண்டு பேர் உட்காரக் கூடாதாம். இந்தக் கயிறுதான் வாலில் இருக்கிற தட்டை இழுக்கிற கயிறு, அந்தத் தட்டு தூக்கினால்தான் மூக்கு தூக்கும். போன வாரம் இன்ஜினியர் வந்தபோது எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு இந்த ஒன்றில் மட்டும் விரலை நிறுத்தினார், கப்பி உரசின இடத்தில் ஒரு இழை எழுந்து நிற்கிறது, மாற்றிவிடுங்கள், மாற்றின பிறகு வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மிச்சம் இருந்தது இந்த ஒரு கயிறுதான், இன்றைக்குச் சாயங்காலம் அவர் வருகிறார். இதில் பிசகினால் வேறு கயிறு கப்பலில் வரணும். வருவதற்குள் காற்று, காற்று போனால் மழை, மழை போனால் அடுத்த வருசம், அடுத்த வருசம் இவருடைய சக்கரைக்கு டாக்டர் பறக்கலாம் என்று எழுதிக் கொடுப்பாரா? மாட்டார். இந்த வருசமே மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார். ஆக நாளைக்கு இல்லை என்றால் எப்போதும் இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டுக்குள் ஒரு சாமான் மாதிரி அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கிறது, தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பாவாடை நாடா ஞாபகம்தான் வருகிறது அவளுக்கு, இந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம். கேட்டால் சிரிப்பார்கள். அவசரத்தில் இழுக்கிறபோது நாடா ஒரு பக்கம் உள்ளே ஓடிவிடும் பாருங்கள், விசேச வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் அது ஓடும். ஊக்கைக் கோத்து நெளித்து நெளித்து வெளியே கொண்டுவந்துவிடலாம், தரையில் நின்றுகொண்டிருந்தால். வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போது குண்டுக்குள் இருந்து கயிறு அப்படி வழுக்கி உள்ளே ஓடினால் யார் ஊக்கு வைத்துக்கொண்டு ஓடுவது? அந்த மனுசன் கையில் வால் தட்டைத் தூக்குகிற குச்சி மட்டும் இருக்கும். இழுப்பார், ஒன்றும் வராது. அந்த முகம் எப்படி இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று நினைப்பாள், நினைத்துவிடுவாள். இந்தக் கொட்டகையில் கோழி இருந்த காலத்தில், மேலே ஏதாவது விமானம் போகும், அதன் நிழல் முற்றத்தில் மேய்கிற கோழிகள் மேல் ஒரு விநாடி விழுந்து போகும், அவ்வளவுதான், அத்தனை கோழியும் அப்படியே குத்தவைத்துக்கொள்ளும், பருந்து என்று நினைத்து, கொக்கென்று ஒரு சத்தம் கிடையாது. சென்னியப்பன் மட்டும் தீவன வாளியோடு அண்ணாந்து நிற்பார், வாய் திறந்திருக்கும். இவள் கோழிப் பக்கமா புருசன் பக்கமா என்று கேட்டால், கோழிப் பக்கம்தான். இப்போது கோழி இல்லை, தகரத்தின் சந்துகளில் இறகு மட்டும் இன்னும் இருக்கிறது, வெயில் ஏறினால் பழைய வாடை கிளம்புகிறது, அதற்கு நடுவில் வெள்ளை வெளேரென்று றெக்கை விரித்துக்கொண்டு இது நிற்கிறது. பருந்தை வளர்த்துவிட்டோம் என்று ஒரு சமயம் தோன்றும். ஒரு சமயம், அழகாகத்தான் இருக்கிறது என்றும் தோன்றும்.

"தூங்கிட்டியா?"

"இல்லீங்க. எடம் பாக்கறேன்."

"மாங்காய்ப் பக்கம். ஓரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி."

"தெரியும். நீங்க கயித்தப் பாருங்க."

ணக். இரண்டாவது. இரண்டாவது முடிச்சு என்றாலே நங்கையா ஞாபகம். நங்கையா என்றால் இவருக்கு அக்கா, ராமாத்தாள், கல்யாணத்தில் இவர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்ததும் மிச்ச இரண்டையும் போட்டது அவர்தான், நாத்தனார் முறை. போடுகிறபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர், பாசத்தில் இல்லை, பந்தியில் தன் வீட்டுக்காரரை முன் வரிசையில் உட்காரவைக்கவில்லை என்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டார். இரண்டாவது நன்றாகத்தான் இறுகிற்று, மயிலாத்தாளுக்குப் பிடரியில் தெரிந்தது. மூன்றாவது முடிச்சை யாரோ பந்தியைப் பற்றி ஏதோ சொல்லக் கேட்டுத் திரும்பிக்கொண்டே போட்டார். மறுவீடு போய் வந்த அன்றைக்குக் குளிக்கையில் கழுத்துக்குப் பின்னால் கை வைத்தாள், மூன்றாவது முடிச்சு அவிழ்ந்து நுனி தொங்குகிறது. ஈரத்தோடு அப்படியே நின்றாள். யாரைக் கூப்பிடுவது? மாமியாரைக் கூப்பிட்டால் சகுனம் என்று வீடே உட்கார்ந்து அழும். நங்கையாவைக் கூப்பிட்டால் நான் சரியாகத்தான் போட்டேன், இவள்தான் ஆட்டிவிட்டாள் என்பார். கயிற்றை முன்னால் இழுத்து, இவளே போட்டாள், மஞ்சள் வாயில் கசக்கக் கசக்கப் பல்லால் கடித்து இறுக்கினாள், பின்னால் தள்ளிவிட்டாள். அப்புறம் எத்தனை கயிறு மாற்றியாயிற்று, கொடியே போட்டாயிற்று, ஆனாலும் மூன்றாவது முடிச்சு என்றால் தன் முடிச்சு என்றே அவள் மனசில் ஒரு கணக்கு. அந்த வருசம் பூராவும் இவர் வண்டியில் வெளியே போனாலும் பயம், தும்மினாலும் பயம், என் முடிச்சு தாங்குமா, பெண்டாட்டியே போட்டுக்கொண்ட முடிச்சு செல்லுமா? தாங்கிற்று. செல்லுமா என்று யாரும் வந்து கேட்கவில்லை. முடிச்சுக்கு யார் போட்டது என்று தெரியுமா என்ன, இறுக்கினால் இருக்கும்.

மூன்றாவதுக்கு நெரிகட்டையின் வாயை வைத்தாள். கயிற்று நுனி குண்டுக்கு வெளியே ஒரு நெல் அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள், இருக்கிறது. நுனி உள்ளே போய்விட்டால் நெரித்தும் பிரயோசனம் இல்லை. கை வேர்த்திருந்தது, சேலையில் துடைத்துக்கொண்டாள். இளகுகிறது, இளகுகிறது, முறைக்கிறது. இப்போது. ணக். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் மனசு வரவில்லை, எடுத்தாள். செம்பு மூன்று இடத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டு, உளுந்து வடைக்கு மாவு பிடித்த விரல் தடம் மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது. இனிமேல் கேஜு. அது ஒரு இரும்புத் தகடு, பிஸ்கட் அளவு, ஓரத்தில் ஒரு வெட்டு. நெரித்த இடம் அந்த வெட்டுக்குள் நுழைந்தால் நன்றாக நெரிந்திருக்கிறது என்று அர்த்தம், நுழையாவிட்டால் குண்டு தடிப்பாக இருக்கிறது, பிடி பத்தாது, அறுத்துப் போடணும். ஒருமுறை நெரித்ததை மறுபடி நெரிக்கிற வேலையே கூடாது என்பது இன்ஜினியருடைய கண்டிப்பு. இதுவரைக்கும் எத்தனையோ குண்டு நெரித்தாயிற்று, ஒன்றுகூட நுழையாமல் நின்றதில்லை. கேஜை எடுத்து நடு முடிச்சில் வைத்தாள். வைத்துத் தள்ளினாள். போகவில்லை.

"நுழையுதா, அம்மிணி?"

திருப்பிப் பிடித்து வைத்தாள். போகவில்லை. மாங்காய்ப் பக்கம் வைத்தாள், வாசலில் நின்றுகொண்டது. வால் பக்கமும் அப்படியே.

"நுழையலீங்க."

உள்ளே இருந்து ஒரு மூச்சு வந்தது. மூக்கு வழியாக, நீளமாக, கட்டியிருந்த கன்றை அவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு மூச்சு, தகரக் கூண்டுக்குள் பட்டு அவளுடைய காதுக்கு வந்தது. அப்புறம்தான், ரொம்ப நேரம் கழித்துத்தான், "அடச் சே" என்றார். மயிலாத்தாள் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போக எல்லாம் முடிந்து பெட்டி கட்டி வைத்திருந்தார், பம்பு கம்பெனியில் எல்லோருக்கும் மிட்டாய்கூடக் கொடுத்தாயிற்று, முந்தின நாள் ஏசெண்டு ஆள் வந்து விசா ரத்தாயிடுச்சு என்றான். அப்போது தெருவில் நின்று அவனைப் பிடித்து அந்தத் திட்டுத் திட்டினார். ஆனால் திட்டுவதற்கு முன்னால், அவன் சொல்லி வாய் மூடுவதற்குள், இதே மூச்சு ஒன்று வந்தது. பக்கத்தில் நின்ற இவள் மட்டும் கேட்டாள். அவருக்கே அது கேட்டதா என்று தெரியாது. இன்றைக்கு வரைக்கும், செம்பில் சீரகத் தண்ணீர் குடித்தால்கூட, அந்த ஏசெண்டு மட்டும் ஏமாற்றாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பார். இவளும் ஆமாங்க என்பாள். அந்த ஏசெண்டு செத்தே போயிருப்பான், பாவம். சரி, இவருக்கும் பயம். ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாரே, சக்கரைக்குப் பயந்து என்றுதானே நினைத்தோம். பயத்தைத் தான் மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு திரிவதாக இவள் நினைத்திருந்தாள், அவர் தனியாக ஒரு மூட்டை வைத்திருந்திருக்கிறார்.

அவளுக்கும் உடம்பெல்லாம் ஒரு மாதிரி லேசாகிவிட்டது, அதை மறைப்பானேன். நுழையவில்லை. முடிந்தது. நாளைக்கு இல்லை, எப்போதும் இல்லை. நான் ஒன்றும் பண்ணவில்லை, கேஜு சொல்கிறது. கேஜைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள், எவ்வளவு நல்ல இரும்பு இது என்று பார்க்கிறவள் மாதிரி. வெட்டுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நகத்தால் தொட்டாள். காய்ந்த மாவு மாதிரி உதிர்ந்தது. மூக்கில் வைத்தாள். சந்தனம். காலையில் வெள்ளிக்கிழமைக்கு இவள் வைத்த பொட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கும் நெரிகட்டைக்கு மட்டும் ஒன்று வைப்பாள், இன்றைக்குக் கடைசிக் கயிறு என்று பயந்துகொண்டு ஸ்பேனருக்கு, கத்திரிக்கு, ஆணி டப்பாவுக்கு, கேஜுக்கு என்று கையில் பட்டதற்கெல்லாம் வைத்தாள், வெட்டோரத்தில் வைத்த பொட்டு வழிந்து உள்ளே இறங்கி வெயிலில் கல்லாகிவிட்டது. பயத்தில் வைத்த பொட்டு. அது வழியடைத்துக்கொண்டு நிற்கிறது. இனி என்ன? தொடைத்தால் நுழையும். நுழையும் என்று கைக்குத் தெரியும், ணக் என்ற சத்தம் மூன்றும் ஒரே சத்தம். தொடைக்காவிட்டால்? யாருக்குத் தெரியும்? அவர் வெளியே வருவார், கேஜை வாங்கிப் பார்ப்பார், கண்ணாடி இல்லாமல் அவருக்கு இந்த மஞ்சள் தெரியாது, தெரிந்தாலும் அழுக்கு என்பார், இல்லை, பார்க்கவே மாட்டார், அவருக்குப் பார்க்கப் பிரியம் இருக்காது. கயிற்றை அறுப்பார். இன்ஜினியருக்கு போன் போடுவார். சாயங்காலம் காப்பி குடிப்போம். நாளைக்கு, நாளான்னைக்கு, அவர் உயிரோடு இருப்பார், நான் உயிரோடு இருப்பேன், கொட்டகையில் றெக்கை விரித்துக்கொண்டு இது நிற்கும். இரண்டு பேருக்கும் இதுதானே வேணும்? அவருக்கும் இதுதான் வேணும், மூச்சே சொல்லிற்றே. சந்தனம் தானாக வந்து காப்பாற்றியிருக்கிறது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கோழி மாதிரி குத்தவைத்து அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அப்புறம் காப்பி குடிக்கிறபோது அவர் ஆரம்பிப்பாரே. அந்தக் கயிறு மட்டும் சரியாக நெரிந்திருந்தால் என்பார். யார் நெரித்தது? நான் நெரித்தது. வாயால் ஒருநாளும் உன்னால்தான் என்று சொல்லமாட்டார், சொல்லாத மனுசன், ஆனால் என் முடிச்சு தாங்கவில்லை என்று அவர் மனசில் இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து ஆமாங்க என்பேன். ஏசெண்டுக்கு ஆமாங்க சொன்ன மாதிரி. என் முடிச்சு நல்ல முடிச்சு. பல்லால் கடித்துப் போட்ட நாளில் இருந்து நல்ல முடிச்சு. அதைப் போய்க் கெட்டது என்று நானே சொல்வேனா?

முந்தானை நுனியை எச்சில் தொட்டு முறுக்கி வெட்டுக்குள் விட்டு இழுத்தாள். மஞ்சள் வந்தது. மறுபடி விட்டாள். சுத்தமாயிற்று. நடு முடிச்சில் வைத்தாள், சிரமமே இல்லாமல் சர்ரென்று போயிற்று. மாங்காய்ப் பக்கம், சர். வால் பக்கம், சர்.

"நுழையுதுங்க."

"என்ன?"

"நுழையுது. மூணும்."

"இப்பத்தான் நுழையலைன்ன?"

"வெட்டுக்குள்ள சந்தனம் அப்பியிருந்துச்சு. காத்தால நாந்தான் பொட்டு வெச்சேன்."

"கேஜுக்குப் பொட்டு வெச்சயா?"

"எல்லாத்துக்கும் வெச்சேன். உங்களுக்குத்தான் வெக்கல, நீங்க பல்லு வெளக்கப் போயிட்டீங்க."

உள்ளே சிரிப்புக் கேட்டது, தகரம் அதிர. பாதங்கள் இரண்டும் ஆடின. அப்புறம் நின்றுபோயிற்று. காற்றாலை வுஃப் என்றது.

"ஏனுங்க."

"ம்."

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. கயித்து மேல பழியப் போட்டுட்டு, காலம் பூரா அதையத் திட்டீட்டுத் திரியாதீங்க. மஸ்கட்டு ஏசெண்டு ஒருத்தன் வாங்கிக் கட்டிக்கிட்டது பத்தாதா?"

கோபித்துக்கொண்டாரோ? கழுத்தை நீட்டி அந்தப் பாதங்களைப் பார்த்தாள், ஆடவில்லை.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் காது இருக்குதுங்க."

"பயந்தான்" என்றார் அவர், கூண்டுக்குள் இருந்து, சின்னக் குரலில். "நேத்து ராத்திரி புடிச்சு வயித்துக்குள்ள கோழி சீய்க்கற மாதிரியே இருக்குது."

"எனக்குந்தான்."

"அப்ப வேண்டாங்கறயா?"

கேட்டேவிட்டார். இப்போது சந்தனம் வேண்டியதில்லை, பொய் வேண்டியதில்லை, ஆமாங்க என்று ஒரு வார்த்தை, பழகின வார்த்தை, நாக்கு நுனியிலேயே இருந்தது. மயிலாத்தாள் செம்புக் குண்டின் மேல் பெருவிரலை வைத்துத் தடவினாள், மூன்று பள்ளம், சூடு இன்னும் இருந்த மாதிரி இருந்தது.

"போறதும் போகாததும் உங்க இஷ்டம். பயத்தோட போனாலும் சரி, பயந்துட்டு இருந்துட்டாலும் சரி, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். கயிறு நல்லாருக்குது. நான் சொல்றது அது ஒண்ணுதான்."

மாங்காய்க் கண்ணியை வால் தட்டில் மாட்டி ஆணியைப் போடு என்றார், போட்டாள். சீட்டுப் பக்கம் போய்க் குச்சியை இழு என்றார். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, றெக்கையைச் சுற்றிப் போய், அவருடைய பாதங்களுக்குப் பக்கத்தில் நின்று, குச்சியைக் கையில் பிடித்தாள். இத்தனை வருசத்தில் இதைத் தொட்டதே இல்லை. நாளைக்கு அவர் பிடிக்கப் போகிற இடம். இழுத்தாள். உள்ளே கப்பி சுற்றுகிற சத்தம், கயிறு விறைக்கிற சத்தம், தூரத்தில் வால் தட்டு படுத்திருந்த காதைத் தூக்குகிற மாடு மாதிரி மேலே எழுந்தது.

"வருதுங்களா?"

"வருது" என்றார். "கொஞ்சங்கூடத் தொய்வு இல்ல. இன்னொருக்கா."

இன்னொருக்கா இழுத்தாள். அவருக்குத் தேவைப்பட்டதற்கு மேலேயும் இரண்டு தடவை இழுத்தாள்.

"நேரத்துல எழுப்பி உடு, அம்மிணி" என்றது தகரத்துக்குள் இருந்து குரல். "வெயில் ஏறுனா காத்து வந்துரும்."

"செரீங்க."

வால் பக்கம் திரும்பி வந்து சாமான்களை எடுத்து வைத்தாள். நெரிகட்டையை அதன் ஆணியில் மாட்டினாள். கேஜைச் சேலையில் இன்னொரு தரம் துடைத்து வெளிச்சத்தில் வெட்டைப் பார்த்துக்கொண்டு, அதற்கு இனிமேல் பொட்டு வைத்தால் வெட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, பின்னால் ஓட்டை போட்டிருக்கிற பக்கம்தான் வைக்கணும், அடுத்த வெள்ளிக்கிழமை ஞாபகமாக அங்கேதான் வைக்கணும் என்று நினைத்துக்கொண்டாள்.